பரளச்சிக்குப் போன மானிட்டர்

அவருடைய கடைக் கம்ப்யூட்டரை அவரைத் தவிர வேறு யாராலும் இயக்க முடியாது. அதற்குப் பூட்டோ காவலோ கிடையாது. அவையெல்லாம் தேவைப்படாத அளவுக்கு அதை மாற்றி வைத்திருந்தார். எங்கள் பள்ளிக் கம்ப்யூட்டரில் இருப்பதுபோல அடியில் ஒரு பட்டை, மூலையில் ஒரு பொத்தான், இடதுபக்கம் வரிசையாகப் படங்கள் என்று எதுவும் அதில் இருக்காது. உழுதுபோட்ட கரிசல் மாதிரி ஒன்றுமில்லாத கறுப்புத் திரை. அவர் விசைப்பலகையில் இரண்டு விரல்களை வைத்தால்தான் அதில் ஏதாவது முளைக்கும்.

கடை பாளையம்பட்டி பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, ஒரு சலூனை ஒட்டி இருந்தது. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், பட்டா, பயிர்க் காப்பீடு, பிள்ளைகளின் உதவித்தொகை என்று சுற்றுவட்டாரத்து மனுக்கள் எல்லாம் அங்கேதான் போடப்படும். நான் பக்கத்துப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. எங்கள் பிள்ளைகளுக்காக வாரத்தில் இரண்டு தடவையாவது அங்கே போய் உட்கார்ந்திருப்பேன். உட்கார்ந்திருப்பேன் என்பதுதான் சரியான சொல்.

"மத்தவுக சிஸ்டத்துல விண்டோ அது இஷ்டத்துக்குத் தெறக்கும் டீச்சர். ஒருநா நடுவுல, ஒருநா ஓரத்துல. நம்மகிட்ட அந்தப் பேச்சே கெடையாது. சொன்ன எடத்துல வந்து ஒக்காரணும்" என்பார். ஏதோ வளர்ப்பு மாடுகளைப் பற்றிச் சொல்வதுபோல இருக்கும்.

நெட் திறந்தால் திரையின் இடது பாதியில் திறக்க வேண்டும். பிரிண்ட் எடுக்கும் விண்டோ வலது மேல் மூலையில். கால்குலேட்டர் வலது கீழ் மூலையில், உள்ளங்கை அளவுக்கு. இதில் ஒன்று ஒரு விரற்கடை நகர்ந்து திறந்தாலும் அவருக்கு மூச்சு முட்டும். கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிடுவார்.

ஒருநாள் பயிர்க் காப்பீட்டுக்காக ஒரு பெரியவர் வந்திருந்தார். பேரெல்லாம் பதிந்தாயிற்று. தொகையைக் கூட்டிப் பார்க்கக் கடைக்காரர் கால்குலேட்டரைத் திறந்தார். அது சற்றுக் கீழே இறங்கித் திறந்தது.

"செத்த இருங்க பெருசு" என்றார். பொடி எழுத்து இங்கிலீஷ் வரிகள் நிறைந்த ஒரு பக்கத்தைத் திறந்து ஓர் எண்ணை மாற்றினார். கால்குலேட்டரை மூடித் திறந்தார். இப்போது மேலே ஏறியிருந்தது. மறுபடி மாற்றினார்.

"ஏப்பா, அது எங்கிட்டு இருந்தா எனக்கென்ன? எம்பேரு ஏறிருச்சா, அதச் சொல்லு."

"பேரு எங்கயும் போகாது பெருசு. இதுதான் போகுது."

"ஆமா, அதுக்குக் கால் மொளச்சிருக்கு. எனக்கு பஸ்ஸு போகுதுப்பா!"

பஸ் போயே விட்டது. கால்குலேட்டர் தன் இடத்தில் வந்து உட்கார்ந்த பிறகு, அவர் பெரியவரைத் தன் பைக்கில் ஏற்றிக்கொண்டு பஸ்ஸைத் துரத்திப் போனார். நாங்கள் நான்கு பேர் திறந்த கடைக்குக் காவல் இருந்தோம். திரும்பி வந்தவர் முகத்தில் இரண்டு வேலையையும் முடித்த நிறைவு இருந்தது. அந்த மனுஷரைக் கோபித்துக்கொள்ளவும் முடியாது.

அவர் மனைவி மதியச் சாப்பாடு கொண்டுவந்தால் சிறிது நேரம் பெஞ்சில் உட்காருவார். ஒருமுறை என்னிடம் சொன்னார்: "வீட்டுல வந்து பாருங்க டீச்சர். கழட்டுன சட்ட கழட்டுன எடத்துலயே கெடக்கும். ஈரத்துண்டு கட்டில்ல. சாப்ட்ட தட்டு டிவி மேல. அவுகளுக்கு இந்தப் பெட்டிக்குள்ள மட்டுந்தான் சுத்தபத்தம்."

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "வீட்டுக்கு நீ இருக்க. இதுக்கு யாரு இருக்கா?"

கடையில் இரண்டு திரைகள் இருந்தன. ஒன்று அவரைப் பார்த்தபடி. இன்னொன்று மேசையின் ஓரத்தில், வந்தவர்கள் உட்காரும் பெஞ்சைப் பார்த்தபடி. முதல் திரையில் வேலை நடக்கும். இரண்டாவதில் சின்ன விண்டோக்கள் மட்டும் வரும். 'அனுப்பவா?', 'உறுதியா?' என்று கம்ப்யூட்டர் கேட்கிற கேள்விகள் எல்லாம் அங்கேதான். எப்போதோ ஒருவர், தன் மகள் பிறந்த தேதியை இவர் தப்பாகப் போட்டுவிட்டார் என்று கடை வாசலில் நின்று கத்திவிட்டுப் போனாராம். அதற்குப் பிறகு வந்த ஏற்பாடு இது. கேள்வியை வந்தவர்தான் படிக்க வேண்டும். படிக்கத் தெரியாதவருக்குப் பெஞ்சில் பக்கத்திலிருப்பவர் படித்துச் சொல்ல வேண்டும். வந்தவர் தன் வாயால் சரி என்ற பிறகே இவர் அமுக்குவார். எனக்கு இது ரொம்பவும் பிடித்திருந்தது. ஆசிரியர் கூட்டத்தில்கூட உதாரணமாகச் சொல்லியிருக்கிறேன்.

அந்த இரண்டாவது திரையின் வயர் கொஞ்சம் தளர்வு. யாருடைய முழங்காலாவது இடித்தால் கழன்றுவிடும். உடனே அதிலிருந்த விண்டோக்கள் எல்லாம் முதல் திரையில் வந்து குவிந்துவிடும். வயரை மறுபடி செருகினாலும் திரும்பிப் போகாது. இதோடு அவர் பல நாள் போராடினார். புது வயர் வாங்கினால் தீர்ந்துவிடும் என்று நான் சொன்னதை அவர் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. கடைசியில் ஒருநாள் என்னை உட்காரவைத்து, என் கண்ணெதிரே அந்த வயரை வேண்டுமென்றே பிடுங்கினார். இரண்டாவது திரை இருண்டது. முதல் திரையில் எதுவும் அசையவில்லை.

"பாத்தீங்களா? எதுவும் இங்கிட்டு ஓடி வரல. ஸ்கிரீன் அங்கதான் இருக்குன்னு அதுக்குச் சொல்லிவச்சுட்டேன். வயரு போனாலும் சரி, கரண்டு போனாலும் சரி, அது நம்பிக்கிட்டே இருக்கும்."

நான் கை தட்டினேன். அறிவியல் படித்தவள், நன்றாகவே தட்டினேன்.

என் மகளுக்கு இன்ஜினீயரிங் கலந்தாய்வு நடந்த வருடம் அது. அவளுக்கு மனுப் போட்டதும் அவர்தான். "பாஸ்வேர்டு எங்கிட்ட இருக்கட்டும் டீச்சர், நீங்க தொலச்சிருவீங்க" என்று தன் கம்ப்யூட்டரிலேயே பத்திரப்படுத்தி வைத்திருந்தார். கோயம்புத்தூரில் ஒரு நல்ல கல்லூரியில், அவள் கேட்ட பாடத்திலேயே இடம் வந்தது. வந்த இடத்தை நாம் உறுதி செய்ய வேண்டும். செய்யாவிட்டால் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். எனக்கோ மதுரை போதும் என்றிருந்தது. காரியாபட்டி வழியாகக் காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். வெளியூர் வேலையிலிருந்த அவள் அப்பா போனில், "நீ சொல்றதுதான்" என்று சொல்லி வைத்துவிட்டார். நானும் மகளும் பேசாமலிருந்தே நாட்களைக் கழித்தோம். கடைசி நாள் காலையில் அவள் சாப்பிட மறுத்தாள். "சரி, கோயம்புத்தூருக்கே போ" என்றேன். சாயங்காலம் ஐந்து மணியோடு அவகாசம் முடிகிறது.

கடை பூட்டியிருந்தது.

போன் போட்டேன். மேளச் சத்தத்துக்கு நடுவே குரல் வந்தது. "பரளச்சில இருக்கேன் டீச்சர். பெரியப்பா மகன் வீட்டுக் காதுகுத்து. பந்தியில ஒக்காந்துட்டேன். எந்திரிச்சதும் வாரேன்."

சலூன் வாசலில் நிழலில் நின்றோம். அவர் வந்து கடையைத் திறந்தபோது மணி நான்கைத் தொட்டிருந்தது. கழுத்தில் சந்தனம், சட்டையில் கறிக்குழம்புக் கறை. உள்ளே போனதும் என் கண்ணில் பட்டது, மேசை ஓரம் காலியாக இருந்ததுதான். இரண்டாவது திரை இல்லை. அதன் வயர் மட்டும் தொங்கியது.

"மானிட்டர் எங்க தம்பி?"

"மொய் எழுதுற எடத்துல இருக்கு டீச்சர். நேத்து மத்தியானமே வண்டியில ஏத்தி அனுப்பிட்டேன். இப்ப மொய்யெல்லாம் கம்ப்யூட்டர்லதான? போடுறவுக பேரு அவுக கண்ணுக்குத் தெரியணும். இல்லாட்டி பேர விட்டுட்டான், ஊர மாத்திட்டான்னு வம்பு வந்துரும்."

"அது இல்லாம இது வேலை செய்யுமா?"

"அது சும்மா காட்டுறதுக்குத்தான்."

விரல்களை வைத்தார். இடது பாதியில் நெட் திறந்தது. மகளின் பெயர், மதிப்பெண், கல்லூரி எல்லாம் வந்தன. "சரியா பாப்பா?" என்று கேட்டார். "சரிண்ணே" என்றாள். 'உறுதி செய்' என்ற இடத்தில் அமுக்கினார். பக்கம் லேசாக மங்கியது.

அப்படியே நின்றது.

"என்ன தம்பி?"

"கேக்கும் டீச்சர்."

"என்ன கேக்கும்?"

"நெசமாத்தான் சொல்றியான்னு இன்னொருவாட்டி கேக்கும். ஆமான்னு சொல்லிட்டா முடிஞ்சிரும்."

காத்திருந்தோம். திரை எதுவும் கேட்கவில்லை. அவர் கண்கள் மெதுவாகத் திரும்பி மேசை ஓரத்தில் தொங்கிய வயரில் போய் நின்றன.

"கேட்டுருச்சு டீச்சர்" என்றார்.

"எங்க கேட்டுச்சு?"

"அங்கிட்டு."

காலியான இடத்தைக் கை காட்டினார். எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் தப்பாகப் புரிந்தது. "அப்ப பரளச்சில தெரியுமா? மொய் எழுதுறவருக்குப் போன் போடு தம்பி. படிச்சுப் பாத்துச் சரின்னு அமுக்கச் சொல்லு."

"அது பரளச்சியிலயும் இல்ல டீச்சர். இங்கயும் இல்ல. ஸ்கிரீன் இருக்குன்னு நம்பி, இல்லாத எடத்துல போயி நிக்கிது."

"அப்ப மூடிட்டு மறுபடி திற."

"அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாம இது மூடாது. சிஸ்டத்தையே அணைச்சா, பாப்பா உள்ள இருக்குன்னே அவுக கணக்கு காட்டும். மறுபடி உள்ள விட ஒருமணி நேரம் ஆகும், அஞ்சு தாண்டிரும்."

"எதையாவது அமுக்கு தம்பி!"

"ஆமாவுல நிக்கிதா, வேண்டாம்ல நிக்கிதான்னு தெரியாம எப்பிடி அமுக்குறது? வேண்டாம்னு விழுந்துட்டா?"

நான் மணியைப் பார்த்தேன். அவரோ அந்தப் பொடி எழுத்துப் பக்கத்தைத் திறந்தார். இனி எல்லாச் சின்ன விண்டோவும் முதல் திரையின் நடுவில்தான் திறக்க வேண்டும் என்று எழுதினார். எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்தார். ஒரு வரியை உள்ளே தள்ளி அழகுபடுத்தினார்.

"வந்துருச்சா?" என்றேன்.

"வராது டீச்சர். சட்டம் இனிமே தெறக்குறதுக்குத்தான். இது சட்டத்துக்கு முந்தியே தெறந்துருச்சுல்ல?"

"இழுத்துட்டு வர ஏதாச்சும் வழி இருக்குமே?"

"இருந்துச்சு. கடைக்கு வர்ற பிள்ளைக எதையாவது அமுக்கி எடத்த மாத்திருதுகன்னு நாந்தான் எடுத்துட்டேன்."

கத்தினேன் என்று நினைக்கிறேன். சலூன்காரர் கத்தியும் கையுமாக எட்டிப் பார்த்தார். அவருக்குப் பின்னால் பாதி முகத்தில் நுரையோடு ஒருவர். "என்னலே, டீச்சரம்மாவ அழ வச்சுட்டு இருக்க?"

அவரைப் பார்த்ததும் எனக்கு சலூன் சுவரில் நாங்கள் நின்ற நேரமெல்லாம் ஓடிக்கொண்டிருந்த டிவி ஞாபகம் வந்தது. "தம்பி, இந்த வயரை அந்த டிவியில செருகுனா தெரியுமா தெரியாதா?"

அவர் முகத்தில் வந்த வேதனை இன்றும் என் கண்ணில் நிற்கிறது. பிள்ளையின் படிப்புக்காக வந்த வேதனை அல்ல அது. "தெரியும் டீச்சர். ஆனா அது வேற சைஸு. அத மாட்டுனா இங்க வச்சுருக்கது எல்லாம் கலைஞ்சிரும்."

என் மகள் சொன்னாள்: "கலையட்டும்ணே!"

டிவி வந்தது. சலூன்காரர் ஒரு பக்கமும் நுரைக்காரர் மறு பக்கமும் பிடித்துவர, மேசை ஓரத்தில் சாய்த்து வைத்தார்கள். வயரைச் செருகினார். முதல் திரையில் இருந்தவை ஒன்றன்மேல் ஒன்று சரிந்தன. அவர் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

டிவியில் கேள்வி நின்றுகொண்டிருந்தது. ஊருக்கே தெரிகிற அளவில், என் மகள் பெயரும் கல்லூரியின் பெயரும். 'ஏற்கிறீர்களா?'

நுரைக்காரர் எழுத்துக் கூட்டிப் படித்தார். "கோயம்புத்தூரா? பொம்பளப்பிள்ளைய அம்புட்டுத் தூரமா அனுப்புறீக? மருதையில காலேசே இல்லையா?"

நான் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்த அதே வாக்கியம். வேறொருவர் வாயில், அதுவும் நுரைக்கு நடுவிலிருந்து வந்தபோது, அது எவ்வளவு அசட்டுத்தனமாக இருக்கிறது என்று தெரிந்தது. மகள் என்னைப் பார்த்தாள்.

"அமுக்கு" என்றேன்.

அவளே அமுக்கினாள். 'உறுதி செய்யப்பட்டது' என்று வந்தது. அவள் என் தோளில் முகம் வைத்து அழுதாள். நுரைக்காரரும் "நல்லா வரட்டும், நல்லா வரட்டும்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். கண்ணில் சோப்புப் போயிருக்கலாம்.

"சரி, டிவியக் கழட்டுலே. கடையில ஆள் நிக்கிது" என்றார் சலூன்காரர்.

"செத்த பொறுண்ணே."

என் மகளின் விண்டோ மூடியதும் அதற்கு அடியிலிருந்தவை தெரிந்தன. நேற்று மதியம் மானிட்டர் போனதிலிருந்து வந்த சின்ன விண்டோக்கள் எல்லாம் அந்த இல்லாத திரையில் குவிந்து கிடந்தன. அச்சு முடிந்தது, பேப்பர் தீர்ந்தது என்று பெரும்பாலும் ஒன்றுமில்லாத சேதிகள். அவர் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வந்தார். கடைசி ஒன்றில் கை நின்றது.

அதில் அவர் பெயர் இருந்தது. கடைக்கு அரசாங்கம் தரும் அனுமதியை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். அது இருந்தால்தான் சான்றிதழ் மனுக்களைப் போட முடியும். நேற்றுதான் அதற்குக் கடைசி நாள். காதுகுத்துக்குக் கிளம்பும் அவசரத்தில், ஆளில்லாத கடையில் தனியாக உட்கார்ந்து தன் மனுவைத் தானே போட்டிருக்கிறார். 'அனுப்பவா?' என்று அது கேட்டிருக்கிறது. அடுத்தவர் மனு என்றால் பெஞ்சைப் பார்த்துச் சரியா என்று கேட்டிருப்பார். நேற்று பெஞ்சில் யாரும் இல்லை. பக்கம் மங்கி நின்றதைக் கவனிக்காமல், போட்டாயிற்று என்று நினைத்து, கம்ப்யூட்டரைக்கூட அணைக்காமல் கடையைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார்.

'ஆம்' என்பதை அமுக்கினார். அவகாசம் முடிந்துவிட்டது என்று பதில் வந்தது. அதையும் மூடினார். பிறகு வயரைக் கழற்றிச் சலூன்காரரிடம் டிவியைக் கொடுத்தார். "போயிட்டு வாங்க டீச்சர். பாப்பாவுக்கு இனிப்பு வாங்கிக் குடுங்க" என்றார். நாங்கள் ஒன்றும் வாங்கவில்லை. பஸ்ஸில் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

அவர் அலைந்து பார்த்தார். அனுமதி கிடைக்கவில்லை. சில மாதங்கள் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தே கடையை ஓட்டிப் பார்த்துவிட்டு மூடினார்.

போன வருடம் மகளின் ஹாஸ்டல் படிவம் ஒன்றுக்காகக் காரியாபட்டியில் ஒரு கடைக்குள் நுழைந்தேன். உள்ளே சம்பளத்துக்கு உட்கார்ந்திருந்தார். அடியில் பட்டையும் ஓரத்தில் வரிசையாகப் படங்களும் உள்ள, எல்லோருடையதையும் போன்ற கம்ப்யூட்டர். "பாப்பா எப்பிடி இருக்கு டீச்சர்?" என்று சிரித்தார். படிவத்தை ஏற்றினார். சின்ன விண்டோ ஒன்று திரையின் மூலையில், பாதி வெளியே தொங்கியபடி திறந்தது. நான் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"தம்பி, அங்க ஒண்ணு நிக்கிது."

"பாத்துட்டேன் டீச்சர்."

அதை நகர்த்துவார் என்று காத்திருந்தேன். நகர்த்தவில்லை. பாதி தெரிந்த எழுத்துகளின் மேல் அமுக்கிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். படிவம் போய்விட்டது, வேலை முடிந்துவிட்டது. நான்தான் மேசையின் விளிம்பைப் பிடித்த கையை எடுக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தேன்.